சாட்சிக்காரி

மடியில வச்சிருக்கது என்னன்னுதானம்மா பாக்க? பாளையங்கோட்டை தாண்டினதுலேருந்து ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேதான் வார. கேட்டா நான் கடிச்சா வச்சிருவேன்? கால். ஆமா, கால்தான். செஞ்ச கால். எங்க வீட்டுக்காரவியளுக்கு. வலது கால், முட்டுக்குக் கீழ. போன வாரம் போட்டுப் பாத்ததுல மேல கொஞ்சம் இடிச்சுது, தேய்ச்சுத் தாறோம்னு வாங்கி வச்சாங்க. இன்னைக்குப் போயி வாங்கிட்டு வாரேன். பையில வச்சா பாதம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கி, பாக்கவங்க பதறுதாங்க. அதான் அவிய இடுப்புல கட்டுத சாரத்துலயே சுத்திட்டேன். நீ தள்ளி உக்கார வேண்டாம், அது ஒண்ணும் செய்யாது.

சர்க்கரைதான். பின்ன என்ன? உன் கையில இருக்க மருந்துக் கவர் யாருக்கு? அம்மைக்கா? அம்மைக்கும் சர்க்கரையா? ம்.

அப்பம் கேளு. நான் இறங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு. எம் பேரு தங்கபுஷ்பம். எங்க ஊருல வந்து அந்தப் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. சாட்சிக்காரி வீடு எதுன்னு கேளு, பச்சப்பிள்ளைகூடக் கை காட்டும். அவ்வளவு பேரு எனக்கு. இருந்துச்சு.

நீ மஞ்சக்கயிறு போட்டிருக்க, சாட்சின்னா உனக்குக் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். எங்க சபையில பாட்டு முடிஞ்சதும் பாஸ்டர் ஐயா, ‘சாட்சி சொல்றவங்க வரலாம்’பாரு. கர்த்தர் நமக்கு என்ன நன்மை செஞ்சாருன்னு மைக்கைப் பிடிச்சு எல்லாருக்கும் சொல்லணும். ஒருத்தி மகனுக்கு வேலை கெடைச்சதும்பா. ஒருத்தி காணாமப் போன ஆடு திரும்பி வந்ததும்பா. ஆட்டுக்குக்கூட அல்லேலூயா போடுவாங்க, பாத்துக்க. நான் இருபது வருசமா கீழ உக்காந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். சொல்லதுக்கு எங்கிட்ட ஒண்ணும் கிடையாது. ஊருக்கெல்லாம் செய்யுதாரு, நமக்கு மட்டும் ஒண்ணும் செய்யலியேன்னு உள்ளுக்குள்ள ஒரு பொருமல். நான் ஒருத்தரையும் குத்தம் சொல்ற ஆளு கிடையாது. உள்ளதைச் சொல்லுதேன்.

எங்க வீட்டுக்காரவிய பேரு இஸ்ரவேல். பேரைச் சொல்லக்கூடாதும்பாங்க, சொல்லாம இருந்து என்ன கண்டேன்? தையக்காரரு. மிதிமெஷின்தான். மோட்டார் வச்சுக்கிடுங்கன்னா, கால் சொல்றதுதான் ஊசிக்குக் கேக்கும்பாவ. பேச்சு வராது அவியளுக்கு. பத்து வார்த்தை நான் பேசினா ஒண்ணு பேசுவாவ, அதுவும் ‘சரி’ன்னு.

போன வருசம் சனவரியில பள்ளிக்கூடத்துல முகாம் போட்டாங்க. போயி ரத்தம் குடுத்தா, சர்க்கரை முந்நூத்தி நாப்பது! டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்து, ஒரு நாளும் விடாதீங்க, காலைப் பத்திரமாப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லி அனுப்புனா. வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அழுதவளுக்குத் திடீர்னு ஒண்ணு தோணிச்சு. எம்மா, உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு, இதுதான் நம்ம சாட்சின்னு தோணிச்சு. இத்தனை வருசம் கர்த்தர் நம்மளக் காக்க வச்சது இதுக்குத்தான்னு தோணிச்சு.

பாஸ்டர் ஐயாகிட்ட போனேன். இருபத்தோரு நாள் உபவாசம் இருங்க சிஸ்டர், விசுவாசமா இருங்கன்னாரு. மாத்திரையை என்ன செய்யன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. நானா முடிவு பண்ணுனேன். ஒரு கையில மாத்திரையை வச்சுக்கிட்டு மறு கையை கர்த்தர்கிட்ட நீட்டுனா அது என்ன விசுவாசம்? ரெண்டு தோணியில கால் வைக்கது மாதிரி இல்லியா? நீயே சொல்லு. அவியகிட்ட, ‘இங்கேருங்க, அந்த மாத்திரையைத் தூரப் போட்டுருங்க, கர்த்தர் பாத்துக்கிடுவாரு’ன்னேன். ‘சரி’ன்னாவ.

உபவாசம்னா வெறும் தண்ணி. பதினஞ்சாம் நாளு மயக்கம் போட்டு அம்மிக்கல்லுல விழுந்தேன், இந்தா பாரு, தழும்பு. அவிய பதறித் தூக்குனாவ. ‘போதும் புஷ்பம், கஞ்சியைக் குடி’ன்னாவ. விசுவாசத்துல குறுக்க நிக்காதீங்கன்னு கத்துனேன். மார்ச்சு மாசம் திரும்பவும் ரத்தம் குடுத்துப் பாத்தோம். எவ்வளவு தெரியுமா? நூத்திப் பத்து.

நூத்திப் பத்தும்மா! அந்தத் துண்டுச்சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் ரோடெல்லாம் அழுதுக்கிட்டே வந்தேன். அவியகிட்ட, ‘கர்த்தர் பெரியவருதானே, சொல்லுங்க’ன்னேன். ‘பெரியவருதான்’னாவ. சொல்லும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டாவ. சந்தோசத்துல அழுதாவன்னு நான் நெனைச்சுக்கிட்டேன்.

அந்த ஞாயித்துக்கெழமை மைக்கைப் பிடிச்சேன். இருபது வருசத்துப் பேச்சு. என்ன பேசினேன்னு இப்பவும் வரி வரியாச் சொல்லுவேன். ‘பதினஞ்சாம் நாள் நான் மயங்கிக் கெடந்தப்ப கர்த்தர் எங்கிட்ட பேசினாரு. மகளே, உன் புருசனைச் சுகமாக்கிட்டேன்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரவியளும் லேசுப்பட்ட விசுவாசி கிடையாது. விடிஞ்சதும் ஒரு தம்ளர் தண்ணியோட கிணத்தடிக்குப் போவாவ. தலையை நிமுத்தி வானத்தையே பாப்பாவ. உதடு மட்டும் அசையும். அப்படி ஒரு ஜெபத்தை நான் ஒரு ஊழியக்காரர்கிட்டயும் பாத்ததில்ல’ன்னேன். சபை எழும்பி நின்னு கைதட்டிச்சு. அவிய முத வரிசையில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாவ.

அப்புறம் என்ன? அந்தச் சபையில கூப்பிட்டாங்க, இந்தச் சபையில கூப்பிட்டாங்க. கார் அனுப்புனாங்கம்மா எனக்கு. எம் போட்டோ போட்டு நோட்டீசு. ‘சர்க்கரை நோயிலிருந்து அற்புத சுகம், சகோதரி தங்கபுஷ்பம் சாட்சி’. மாத்திரைச் சீட்டைக் கொண்டாந்து எங்கிட்ட நீட்டி, அம்மா நான் என்ன செய்யன்னு கேட்டவங்க உண்டு. நான் என்ன சொல்லியிருப்பேன்னு நெனைக்க? விசுவாசிங்கன்னுதான் சொன்னேன். அதுல எத்தனை பேரு... சரி விடு. அந்தக் கணக்கை நான் போட்டுப் பாக்கதில்ல.

ஆகஸ்டு மாசம் ஒரு நாளு. உலையில அரிசியைப் போடதுக்கு முன்னால கல்லு பாக்கக் கண்ணாடி வேணும், என் கண்ணாடியைக் காணோம். மெஷின் மேல அவிய கண்ணாடிக்கூடு இருந்துச்சு. திறந்தேன். கண்ணாடிக்குக் கீழ துணி, துணிக்குக் கீழ மாத்திரை அட்டை. பாதி காலி. சர்க்கரை மாத்திரைதான். சனவரியில அந்த டாக்டரம்மா எழுதிக் குடுத்த அதே மாத்திரை.

கிணத்தடி, தம்ளர், தலையை நிமுத்தி வானத்தைப் பாத்தது. எல்லாம் மாத்திரை முழுங்கதுக்கு! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச மாதிரி ஏழு மாசம் மறைச்சிருக்காவ மனுசன். நான் சாட்சி சொல்லச் சொல்ல முத வரிசையில உக்காந்து கேட்டுக்கிட்டும் இருந்திருக்காவ. உனக்குன்னா எப்படி இருக்கும்?

இந்த இடத்துல உனக்கு என்ன தோணுதுன்னு எனக்குத் தெரியும். சர்க்கரை குறைஞ்சது மாத்திரையாலதான்னு அப்பவே புரிஞ்சிருக்கணும்னுதானே? மண்டையில மூளை இருக்கவளுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்கு அப்படிப் புரியல. கர்த்தர் சுகமாக்கிட்டாரு, இவிய அவரை நம்பாம மாத்திரையைத் தின்னு அவரை அவமானப்படுத்திட்டாவன்னுதான் புரிஞ்சது. சத்தம் போட்டேன். ‘எத்தனை சபை! எத்தனை ஜனம்! வெளிய தெரிஞ்சா எம் மூஞ்சியை எங்க கொண்டு வைக்க?’ன்னு கேட்டேன். இப்பம் உங்கிட்ட சொல்லும்போதுதான் கவனிக்கேன். கர்த்தரோட மூஞ்சியைச் சொல்லல. எம் மூஞ்சியைத்தான் சொல்லியிருக்கேன்.

அவியளை முழங்கால்ல நிப்பாட்டினேன். கர்த்தர் முன்னால இனிமே மாத்திரையைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கன்னேன். அவிய ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. ‘நான் செத்துப்போனா நீ என்ன சாட்சி சொல்லுவ புஷ்பம்?’

‘நீங்க சாகமாட்டீங்க. கர்த்தர் எங்கிட்ட சொல்லிட்டாரு’ன்னேன்.

என் முகத்தையே பாத்தாவ. சத்தியம் பண்ணுனாவ. அட்டையை நான் கிணத்துல போட்டேன். சொன்ன சொல் மாறாத மனுசன். துணியை நாளைக்குத் தாறேன்னா நாளைக்குத் தருவாவ, காய்ச்சலா கெடந்தாலும் தருவாவ. அப்படிப்பட்டவிய கர்த்தர் முன்னால பண்ணின சத்தியத்தை மீறுவாவளா? மீறியிருக்கலாம். மீறியிருந்தா இன்னைக்கு இந்தப் பொதியை நான் சுமக்க வேண்டாம். அதைத்தான் சொல்லுதேன், தப்பு அவிய மேலயும் உண்டு.

அக்டோபர்ல கன்வென்சன் கூட்டம். வெட்டவெளியில பந்தல் போட்டிருந்தாங்க. அங்க அவிய வலது காலுல உடைமுள்ளு குத்திச்சு. பெருவிரலுக்குக் கீழ. ஒரு முள்ளும்மா, பிடுங்கி எறிஞ்சா போச்சு. வலியே தெரியலன்னாவ. அதையும் நான் அற்புதம்னு நெனைச்சேன், என்னத்தச் சொல்ல.

பத்து நாளுல புண்ணு. ஜெபம் பண்ணின எண்ணெயைத் தேய்ச்சேன். இருபது நாளுல ஓட்டை. வாடை அடிக்க ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கெழமை சபைக்குப் போகணும், முத வரிசை. அங்க யாராவது காலைப் பாத்து, என்ன பிரதர் இது, சுகமாயிட்டுன்னீங்களேன்னு கேட்டுட்டா? நான் என்ன செஞ்சேன் தெரியுமா? டவுனுக்குப் போயி வெள்ளை சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிட்டு வந்தேன். வாழ்நாள்ல செருப்பைத் தவிர வேற போட்டறியாத காலு. அந்தப் புண்ணு மேல நானே மாட்டிவிட்டேன். மேல செண்டு அடிச்சேன். ‘இது எதுக்குட்டி?’ன்னாவ. ‘குளிருக்கு’ன்னேன். எங்க ஊருல என்ன குளிரு?

அவியளுக்குத் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் காலை நீட்டிக்கிட்டு இருந்தாவ.

கிறிஸ்துமசுக்கு எம் மக ஜெசிந்தா வந்தா. ஒத்தை மக, சிவகாசியில கட்டிக் குடுத்திருக்கு. வாசல்ல ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘எம்மா, எலி செத்துக் கெடக்கா’ன்னு கேட்டா. நேரா அப்பாகிட்ட போயி சாக்ஸைக் கழட்டுனா. சாக்ஸோட தோலும் வந்துச்சு. அவ போட்ட சத்தம் இருக்கே! தெருவே கூடிட்டு. ஆட்டோவைப் பிடிச்சு அவளே தூக்கிட்டுப் போனா. நான் பின்னாலயே ஓடுனேன். அப்பவும் ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து எதுக்கு ஜெபம் பண்ணினேன்னு கேளு. கால் பொழைக்கணும்னா? இல்ல. எங்க ஊருக்காரங்க யாரும் ஆஸ்பத்திரியில என்னைப் பாத்துரக் கூடாதுன்னு.

சர்க்கரை ஐநூத்திச் சொச்சம். ரெண்டு நாளு பாத்தாங்க. மூணாம் நாளு, உயிரு வேணும்னா கால் போகணும்னுட்டாங்க. கையெழுத்துப் போடச் சொன்னப்ப நான் பேனாவை வச்சுக்கிட்டே நின்னேன். ஜெசிந்தா பேனாவைப் பிடுங்கி அவ போட்டா. எம் மூஞ்சியைப் பாத்து அவ இன்னும் பேசதில்ல. போன் பண்ணினா, அப்பாகிட்ட குடும்பா.

பாஸ்டர் ஐயா ஆரஞ்சுப் பழத்தோட வந்தாரு. நான் கேட்டேன், ஏன் ஐயா இப்படி ஆச்சுன்னு. ‘சிஸ்டர், ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்கன்னு நான் எப்பவாவது சொன்னேனா?’ன்னாரு. சொல்லல. சத்தியமா சொல்லல. நான் சாட்சி சொல்லும்போது முத ஆளா கையைத் தூக்கினவரு அவருதான், ஆனா போகாதீங்கன்னு சொல்லல. அவருக்குச் சிறுநீரகத்துல கல்லு வந்தப்ப மதுரைக்குக் கார்ல போனாரு. வந்து, கர்த்தர் டாக்டரு கையைப் பிடிச்சு நடத்துனாருன்னு சாட்சி சொன்னாரு. எங்க டாக்டரம்மா கையை மட்டும் கர்த்தர் பிடிக்கலபோல. நான் ஒருத்தரையும் குத்தம் சொல்ற ஆளு கிடையாது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழிச்சு அவியகிட்ட சண்டைக்குப் போனேன். மனசு கெடந்து கொதிக்கும்லா? ‘ஏழு மாசம் மறைச்சீங்களே, கர்த்தர் மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லியா?’ன்னேன். கட்டில்ல சாஞ்சு பட்டன் தச்சுக்கிட்டு இருந்தாவ. அது ஒண்ணுதான் கையால செய்யலாம். நிமிந்து பாத்தாவ.

‘நம்பித்தான்டி மாத்திரை போட்டேன். அதையும் அவருதான் குடுத்தாருன்னு தெனமும் ஸ்தோத்திரம் சொல்லிட்டுதான் போட்டேன். நீ பாத்தது ஜெபம்தான். முதல்லயே சொல்லியிருப்பேன். அந்தச் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நீ ரோடெல்லாம் அழுதுக்கிட்டே வந்தியே, கல்யாணத்தன்னைக்குக்கூட உன்னை அப்படிப் பாத்ததில்ல. எப்படிச் சொல்ல?’

அவிய நூலைக் கடிச்சுட்டுக் கேட்டாவ. ‘நான் அவரை நம்பினேன். நீ எதை நம்பின?’

எட்டு மாசம் ஆச்சும்மா. பதில் சொல்லல.

இப்பம் தெனமும் காலையில என் முன்னாலயே மாத்திரை போடுதாவ. நான்தான் தண்ணி கொண்டு குடுக்கணும். உள்ளங்கையில மாத்திரையை வச்சுக்கிட்டு, ‘ஆண்டவரே, இதுக்காக ஸ்தோத்திரம், புஷ்பத்தையும் காத்துக்கிடும்’னு சத்தமாச் சொல்லுவாவ. சொல்லிட்டு முழுங்காம ஒரு நிமிசம் இருப்பாவ, நான் ஆமென் சொல்லுவேன்னு. எனக்கு வாயி வராது. ஊரு ஊராப் போயி மைக்குல கத்துன வாயி.

என்னது? இறங்கணுமா? இல்ல, இது உப்புக்கம்பெனி ஸ்டாப்பு. நான் அடுத்தது.

இந்த ஞாயித்துக்கெழமை பாஸ்டர் ஐயா என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்காரு. கால் போனாலும் கர்த்தர் உயிரைக் காத்தாருன்னு சொல்லுங்க சிஸ்டர், சபைக்கு ஆறுதலா இருக்கும்னாரு. சரின்னுட்டேன். மைக்குன்னா எனக்கு வேண்டாம்னு சொல்ல வரல, என்ன செய்ய? வீட்டுல வந்து சொன்னேன். ‘போனா உள்ளதைச் சொல்லு. இல்லன்னா போகாத’ன்னாவ. இத்தனை நாளுல அவிய எனக்குச் சொன்ன ஒரே சட்டம்.

உள்ளதைன்னா எல்லாத்தையுமா? மாத்திரையைச் சொல்லலாம். சாக்ஸைக்கூடச் சொல்லிருவேன், நாலு பேரு காறித் துப்புவாங்க, துடைச்சுக்கிடலாம். அதுக்கெல்லாம் முன்னால ஒண்ணு இருக்கு. அது அவியளுக்கே தெரியாது. மயங்கிக் கெடந்தப்ப கர்த்தர் எங்கிட்ட பேசினாருன்னு சொன்னேன்லா? பேசலம்மா. ஒரு வார்த்தை பேசல. கண்ணு முழிச்சப்ப தலை வலிச்சுது, அவிய மடியில கெடந்தேன், கஞ்சி வாடை அடிச்சுது. அவ்வளவுதான். மைக்கைப் பிடிச்சப்ப வெறும் நூத்திப் பத்துன்னு சொன்னா நல்லாருக்காதேன்னு அதையும் சேத்துச் சொன்னேன். அந்த வார்த்தையை வச்சுத்தான் அவியகிட்ட சத்தியமும் வாங்கினேன். கர்த்தர் சொல்லிட்டாருன்னதும் மனுசன் மறுபேச்சு பேசாம சத்தியம் பண்ணுனாவளே! நான் சொன்னேன்னு இல்ல, அவரு சொன்னாருன்னுதானம்மா நம்பினாவ.

இதை உங்கிட்ட ஏன் சொன்னேன்னா, நீ எங்க சபை கிடையாது. நாளைக்கு என்னைப் பாக்கப்போறது இல்ல. வாயில வருதா வரலியான்னு சொல்லிப் பாத்தேன். வருது. பஸ்ஸுல வருது.

இந்தா, எங்க ஸ்டாப்பு வந்துட்டு. கொஞ்சம் எழுந்திரி. அந்த முனையைப் பிடிச்சுக்க, அது பாதம், இடிச்சிராத. மெதுவா. மெஷின் மிதிக்க இந்தக் கால் ஆகாதாம். கணுக்கால் மடங்காதுன்னு செஞ்சவங்களே சொல்லிட்டாங்க. சபை வரைக்கும் நடக்க ஆகும். ஞாயித்துக்கெழமை இதைப் போட்டுக்கிட்டுதான் வரப்போறாவ. சாரத்துக்குப் பதிலா வேட்டிகூட எடுத்து வச்சாச்சு. வந்து முத வரிசையில உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருப்பாவ. மொத சாட்சி சொன்ன அன்னைக்கும் அப்படித்தான், ஒரு வார்த்தை சொல்லாம பாத்துக்கிட்டு இருந்தாவ.